‘ராட்டன்’ என்று எழுதலாமா?

தோல் கறுத்த வாழைப்பழம், புளித்த பால், காய்ந்த ரொட்டி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ராட்டன்’ (rotten) என்றே எழுதியதாகவும், ஆசிரியர் மூன்றையும் அடித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தீர்கள். அடித்தது நியாயம்தான். ‘ராட்டன்’ கடுமையான சொல். பொருளே அழுகி, குழைந்து, நாற்றமடிக்கும் நிலை அது. முட்டைக்குத் தாராளமாகப் பொருந்தும்.

உங்கள் வாழைப்பழம் ‘ஓவர்ரைப்’ மட்டுமே. கனிவு மிஞ்சிவிட்டது, ஆனால் இன்னும் சாப்பிடலாம். கேக் செய்கிறவர்கள் அப்படிப்பட்ட பழத்தைத்தான் தேடுவார்கள். இந்த வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பால் ‘சவர்’ (sour). அல்லது, கெட்டுப்போனது என்ற பொருளில், பிரிட்டன் வழக்கில் ‘கான் ஆஃப்’ (gone off), அமெரிக்காவில் ‘கான் பேட்’ (gone bad). இவ்விரண்டும் இறைச்சி, மீன், சமைத்த உணவு எல்லாவற்றுக்கும் செல்லும். சந்தேகம் வந்தால் இவற்றையே எழுதுங்கள். காய்ந்த ரொட்டி ‘ஸ்டேல்’: புதுமை போனதே தவிர கெட்டதாகாது. பூஞ்சை பிடித்தால்தான் ‘மோல்டி’. எண்ணெய், வெண்ணெய், கொட்டைகளில் சிக்கு வாடை அடித்தால் ‘ரான்சிட்’.

பலர் இங்கே ‘எக்ஸ்பயர்ட்’ என்றும் எழுதுகிறார்கள். அது உறைமேல் அச்சிட்ட தேதி கடந்ததைச் சொல்வது. உள்ளிருக்கும் பொருள் நன்றாகவே இருக்கலாம்.