மதிய மாத்திரை மட்டும் ஏன் கேட்பதில்லை?

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய்க்குப் போடும் லெவோடோபா மாத்திரையை மாற்ற வேண்டாம், நேரத்தை மாற்றிப் பாருங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரில்.

காலையில் போடும் லெவோடோபா கேட்கிறது, மதியம் போடுவது மட்டும் கேட்கவில்லை, அப்பா 3 மணி வரை நாற்காலியை விட்டு எழவே முடியவில்லை என்கிறீர்கள். மீன் குழம்பும் தயிரும் சாப்பிட்ட கையோடு போடுகிறார் இல்லையா, அதுதான் என்று நினைக்கிறேன். புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்: போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், சட்டைப் பொத்தானைத் தானே மாட்ட முடிந்த நேரம். எங்கள் அம்மாவுக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் நேரத்தை மாற்றினார்.

குமட்டினால் ஒரு மாரி பிஸ்கட். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 2 மணி நேரமாவது தள்ளி. மீனையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள், இந்த நோயில் பலருக்கு உடம்பு தானாகவே மெலியும். அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.