செடியின் நோயைப் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

நேற்று நீங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டீர்கள்: “டாக்டராவாள் என்று நினைத்திருந்தோம். இலையில் வருகிற புள்ளியைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?” நின்றபடியே சொல்லி அனுப்பக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

செடிகளின் நோயைப் படிக்கும் இந்தத் தாவர நோயியல், மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்குகிற படிப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வைரஸ் என்று ஒன்று இருப்பதே மனிதனுக்கு நோயுற்ற புகையிலைச் செடியால்தான் தெரியவந்தது. 1892இல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி அந்த இலைச்சாற்றை பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். தெளிந்து இறங்கிய சாறும் அடுத்த செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898இல் டச்சு விஞ்ஞானி பெயரிங்க், இது பாக்டீரியாவே இல்லை, வேறு ஏதோ என்று சொல்லி வைரஸ் என்ற பெயரை அதற்கு வைத்தார். 1935இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1946இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இன்று ஆய்வகங்களில் செடிக்குள் புது மரபணுவைச் செலுத்தப் பயன்படும் முக்கியமான வழியும் ஒரு நோயிலிருந்து வந்ததுதான். தண்டில் கட்டியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா, தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் நுழைத்துவிடும். அந்தத் திறமையைத்தான் விஞ்ஞானிகள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் மகளிடம் பேசும்போது, 1845இல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பத்து லட்சம் பேர் சாகக் காரணமானது ஒரு பூஞ்சை என்று சொன்னேன். “அது பூஞ்சை இல்லை சார். பூஞ்சை மாதிரி தெரியும், ஆனால் பழுப்புப் பாசிகளுக்குத்தான் சொந்தம்” என்றாள். அவள் சொன்னது சரி. பாடப்புத்தகத்தைத் தாண்டித் தேடிப் படிக்கிற பிள்ளைதான் இதைத் தெரிந்துவைத்திருக்கும். மதிப்பெண் பட்டியலைவிட அந்த ஒரு திருத்தம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

ஆனால் ஆசை வேறு, அன்றாட வேலை வேறு. அந்த அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

நோயுற்ற இலை ஒன்று ஆய்வகத்துக்கு வருகிறது. புள்ளியின் நடுவில் வெட்டக் கூடாது. அங்கே திசு செத்திருக்கும், செத்ததைத் தின்ன வந்த வேறு பூஞ்சைகள் குடியேறியிருக்கும். நோயும் பச்சையும் சந்திக்கிற ஓரத்தில் சில மில்லிமீட்டர் துண்டு எடுக்க வேண்டும். வெளுக்கும் கரைசலில் சிறிது நேரம் முக்கி, சுத்த நீரில் அலசி, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும், அவற்றை உறையவைக்கும் அகரும் சேர்த்த தட்டில் வைக்க வேண்டும். சில நாளில் வெள்ளை நூல் கிளம்பும். சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் பச்சைப் பூசணம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். மறுபடி முதலிலிருந்து. பூஞ்சை சுத்தமாகக் கிடைத்த பிறகும், அதை நல்ல செடியில் ஏற்றி, அதே நோய் வருகிறதா என்று பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே பூஞ்சையை மீட்டெடுத்தால்தான் குற்றவாளி இவன்தான் என்று எழுத முடியும். வைரஸ் என்றால் தட்டில் வளரவே வளராது, உயிருள்ள செடி வேண்டும். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் கருவி வந்து பல வேலைகளைச் சுருக்கிவிட்டது, உண்மைதான். ஆனாலும் பத்துத் தட்டில் எட்டு வீணாகி, பதினோராவது தட்டை அதே கவனத்தோடு ஊற்றுகிற பொறுமைக்கு மாற்று எதுவும் வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஆராய்ச்சி ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள். விதை நிறுவனங்களில் விதைநலப் பரிசோதனை, துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு, திசு வளர்ப்புக் கன்றுகளில் வைரஸ் இல்லை என்று சோதித்துச் சொல்லும் கூடங்கள், பயிர் நோய்க்கு நல்ல நுண்ணுயிர்களைக் கொண்டு உயிரியல் மருந்து தயாரிப்பு, பூஞ்சைக்கொல்லிகளின் வயல் சோதனை, ஆசிரியப் பணி என்று இடங்கள் இருக்கின்றன. கணினியில் பிடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. 2016இல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் புதிதாக வெடித்தபோது, விஞ்ஞானிகள் மரபணு வரிசைத் தரவுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வகை என்று சில வாரங்களிலேயே தெரிந்தது. ஆகவே எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புள்ளியியலையும் கொஞ்சம் நிரல் எழுதுவதையும் அவள் பழகிக்கொள்ளட்டும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கசப்பான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம், அதன்பின் தற்காலிக ஆய்வுப் பணி என்று பத்து வருடத்துக்குக் குறையாது. அவளோடு படித்தவர்கள் நிலையான சம்பளம் வாங்கும்போது இவள் உதவித்தொகையில் இருப்பாள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அந்த நாட்களில் அவளுக்கு உங்கள் ஆதரவு வேண்டும். முதுநிலை முடித்ததும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அங்கேயே நிறுத்தி வேலைக்குப் போவதும் முழுமையான முடிவுதான், தோல்வி இல்லை.

இன்னொன்று, சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டியது. வேளாண் பட்டம் வழியாகவும் போகலாம், தாவரவியல், நுண்ணுயிரியல் வழியாகவும் போகலாம். பயிர், வயல் சார்ந்த பதவிகள் பலவற்றுக்கு வேளாண் பட்டத்தையே தகுதியாகக் கேட்பார்கள். அடிப்படை ஆராய்ச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். நான்கு வருடம் கழித்துத் தகுதி அறிவிப்பைப் பார்த்து அழுத பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவளுக்குப் பிடித்த பத்து வேலைகளின் அறிவிப்பை இன்றே எடுத்து, என்ன பட்டம் கேட்கிறார்கள் என்று வாசியுங்கள்.

பூஞ்சை உடம்புக்கு ஆகாதே என்று அவள் அப்பா கேட்டாராம். செடியைத் தாக்குபவற்றில் பெரும்பாலானவை மனிதரைத் தொற்றாது. ஆனால் சில விதிவிலக்குகள் உண்டு, பூஞ்சையின் வித்துத் தூசியால் சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். அவளுக்கு ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஆய்வகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து வேலை செய்யும் பழக்கத்தை முதல் நாளிலேயே கற்றுக்கொடுப்பார்கள்.

இப்போதைக்கு எந்தக் கல்லூரி என்று முடிவு செய்ய வேண்டாம். நோய் பிடித்த ஒரு செடியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இருபத்தொரு நாள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே இலையைப் படம் எடுத்து, புள்ளியின் அகலத்தை அளந்து, மழை பெய்ததா, பனி இருந்ததா, பூச்சி வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் நினைவூட்டாதீர்கள். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகும் அவளாகவே எழுந்து போய் அளக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். அதை வைத்துக்கொண்டு கல்லூரிப் பெயர்களைப் பேசுவோம்.