ப்ராக்கிடம் தோற்கும் சார்மாண்டர்

கேள்வி: என் 10 வயது மகன் கேம் பாய் அட்வான்ஸில் போகிமான் ஃபயர்ரெட் ஆடுகிறான். சார்மாண்டர் என்ற நெருப்பு வகை போகிமானோடு தொடங்கினான். பியூட்டர் சிட்டி ஜிம்மில் அதன் தலைவன் ப்ராக்கிடம் திரும்பத் திரும்பத் தோற்று அழுகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீர் வகை ஸ்குவர்ட்டிலோடு முதலில் இருந்து ஆடச் சொல்லவா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆசைப்பட்டு எடுத்த முதல் போகிமானைக் கைவிட வைக்காதீர்கள். இந்தச் சிக்கலுக்கு ஆட்டத்திலேயே வழி இருக்கிறது.

ப்ராக்கிடம் லெவல் 12 ஜியோடூட், லெவல் 14 ஆனிக்ஸ் என இரண்டு உண்டு. இரண்டும் பாறை வகை. நெருப்பு அடி அவற்றின் மேல் பாதிதான் இறங்கும். பாறை அடியோ சார்மாண்டரை இரட்டிப்பாகத் தாக்கும். பையன் அநேகமாக ஸ்க்ராட்ச் என்ற சாதாரண அடியையே அழுத்திக்கொண்டிருப்பான். ஸ்க்ராட்ச் போன்ற அடிகளைத் தாங்கும் ஆனிக்ஸின் டிஃபென்ஸ் 160, நெருப்பு அடிகளைத் தாங்கும் ஸ்பெஷல் டிஃபென்ஸ் வெறும் 45. அதனால் ஸ்க்ராட்ச்சை விட, பாதி வலு போனாலும் எம்பர் என்ற நெருப்பு அடியே மேல். லெவல் 13-இல் சார்மாண்டர் மெட்டல் க்ளா என்ற எஃகு வகை அடியைக் கற்கும். அது பாறை மேல் இரண்டு மடங்கு வேலை செய்யும். அந்த லெவல் வரும்வரை ஜிம் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் நான் சொல்லும் வழி மேங்கி என்ற சண்டை வகை போகிமான்தான். விரிடியன் சிட்டிக்குத் திரும்பி, மேற்கே ரூட் 22 புல்லுக்குள் நடந்தால் கிடைக்கும். 1996-இல் வந்த ரெட் ஆட்டத்தில் அந்த இடத்தில் மேங்கி கிடையாது. 1998-இல் வந்த யெல்லோ ஆட்டத்தில்தான் முதலில் அங்கே வைத்தார்கள்; 2004-இல் ரெட்டை ஃபயர்ரெட்டாக மறுபடி உருவாக்கியபோதும் வைத்தார்கள். ஒரு எச்சரிக்கை: அதே பாதையில் இன்னும் மேற்கே போனால், லெவல் 9 பிட்ஜியும் ஸ்குவர்ட்டிலுமாக ரைவல், அதாவது ஆட்டத்தில் வரும் போட்டியாளன், வந்து நிற்பான். மேங்கியைப் பிடித்ததும் திரும்பிவிடச் சொல்லுங்கள்.

பிடித்த புதிதில் மேங்கி நோஞ்சானாக இருக்கும். பட்டியலில் அதை முதலில் வைத்து, சண்டை தொடங்கியதும் சார்மாண்டருக்கு மாற்றினால் அனுபவப் புள்ளி இருவருக்கும் பகிரப்படும். லெவல் 10 வரை ஏற்றினால் போதும், அதற்குள் லோ கிக் என்ற உதையைக் கற்றிருக்கும்.

இந்த லோ கிக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிரி எத்தனை கனமோ, அடியும் அத்தனை பலம். ஆனிக்ஸ் 210 கிலோ. 200 கிலோவைத் தாண்டிவிட்டால் அடியின் பவர் 120, அதாவது உச்ச அளவு! சண்டை வகை என்பதால் பாறை மேல் அதுவும் இரட்டிப்பாகிறது. லெவல் 10 மேங்கியின் இரண்டு உதையில் ஆனிக்ஸ் சாயும். 20 கிலோ ஜியோடூட்டுக்குப் பவர் 40 தான், ஆனாலும் அதற்குப் பெரும்பாலும் மூன்று உதை போதும். ஆனிக்ஸின் ராக் டூம் என்ற பாறை அடி மேங்கி மேல் பாதிதான் இறங்கும்.

விரிடியன் காட்டில் பிகாச்சு கிடைத்தாலும் ப்ராக் மேல் அனுப்ப வேண்டாம். அவன் போகிமான்கள் நில வகையும் கூட, மின்சாரம் துளியும் ஏறாது. அப்புறம், காயம் ஆற்றும் போஷன் ஆட்டக் காசில் ஒன்று 300 தான். மூன்று நான்கு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஜிம்முக்குள் நுழையும் முன் சேவ் செய்யச் சொல்லுங்கள்.