புது ஸ்ட்ரைக்கர் பிஸ்டல், ட்ரிகர் சொரசொரவென்று இருக்கிறது. ஸ்ப்ரிங்கை மாற்றலாமா, தேய்க்கலாமா? தன் 9 மி.மீ. பிஸ்டலைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார், அவருக்கு என் பதில் இது.

க்ளாக் கம்பெனியின் பிஸ்டல் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 'பாதுகாப்பு நாக்கு ட்ரிகருக்குள்ளேயே இருக்கிறது' என்று எழுதியிருப்பதால் அதுவோ அதன் சாயலோதான் என்று எடுத்துக்கொள்கிறேன். 9 மி.மீ. என்பதால் நீங்கள் இந்தியாவில் இல்லை என்பதும் தெரிகிறது. இங்கே அந்தத் தோட்டா அளவு சாதாரண ஆளுக்குத் தடை செய்யப்பட்ட ரகம், லைசென்ஸ்காரரிடம் பெரும்பாலும் .32 அளவுதான் இருக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், நீங்களும் அப்படி ஒருவராக இருக்கலாம். எனவே 'இதைச் சொல்லிக் கொடுக்கலாமா, போலீஸ் கேஸ் ஆகாதா' என்று கீழே வரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு மத்தியப் படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொல்லப் போவதில் பாதி, செய்யாதீர்கள் என்பதுதான்.

முதலில் ஒன்று. 1911 என்ற பழைய வகைப் பிஸ்டலில் சுத்தியல் முழுக்க ஏற்றப்பட்டு நிற்கும், விரல் அதை விடுவித்தால் போதும். இதில் சுத்தியல் கிடையாது, தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர்தான் உண்டு. ஸ்லைடை இழுத்து விட்டதும் ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும், மீதியை உங்கள் விரல் இழுக்கிறது. அதே இழுப்பில் ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிற்கும் சேஃப்டி குமிழும் மேலே தள்ளப்படுகிறது. கடைசியில் கனெக்டர் என்ற சின்னத் தகடு, ட்ரிகரோடு சேர்ந்து நகரும் ட்ரிகர் பார் என்ற தண்டைக் கீழே இறக்க, ஸ்ட்ரைக்கர் விடுபட்டுப் பாய்கிறது. ஒரே இழுப்பில் மூன்று வேலை. கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 2.5 கிலோ இழுப்பு இருக்கும். இந்த இழுப்பு கண்ணாடிக் குச்சி முறிவது போலப் பட்டென்று விடுபடாது. அப்படி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

இப்போது என் கதை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் அப்பா பள்ளத்தூர்ப் பக்கம் கொத்தனார். சாதாரணக் கொத்தனார் இல்லை, செட்டிநாட்டுப் பூச்சு தெரிந்தவர். சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, ஈரம் இருக்கும்போதே கூழாங்கல்லால் இழைப்பார். சாயங்காலம் ஆச்சி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் போனால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பத்து வயதில் அப்பாவுக்குக் கல் எடுத்துக் கொடுத்தவன் நான். வழவழப்பு என்றால் எனக்குத் தெரியாததா என்ற திமிர் அங்கிருந்து வந்தது.

படையில் சேர்ந்து, ஆர்மரர் கோர்ஸ் முடித்து, இரண்டு வருடம் இருக்கும். ஓர் இளம் ஆபீசர் வந்தார். போட்டிக்குப் போகிறவர். நீங்கள் சொன்ன அதே புகார், மணலில் இழுப்பது போல இருக்கிறது என்றார். நான் பிரித்தேன். ட்ரிகர் பார் குமிழைத் தள்ளும் இடத்தையும் கனெக்டரில் உரசும் இடத்தையும் பஞ்சுக் குச்சியில் பிராசோ தொட்டுத் தேய்த்தேன். பெல்ட் பக்கிளுக்குப் போடும் அதே பிராசோதான். நன்றாக வந்தது. ஆபீசர் முதுகில் தட்டினார். அதோடு விட்டிருக்க வேண்டும்.

மறு வாரம் 'இன்னும் கொஞ்சம்' என்றார். எனக்கும் ஆசை. ட்ரிகர் பாரின் பின்முனையில் சிலுவை போல ஒரு பகுதி இருக்கும். ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்துவது அதன் விளிம்புதான். அதை ஜீரோ நம்பர் எமரித் தாளால் இழைத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி ஆனது. அடுத்த நாள் ரேஞ்சில் ஆபீசர் ஒரு தடவை அழுத்த, இரண்டு குண்டு போனது. இரண்டாவது குண்டு டார்கெட்டுக்கு மேலே மண்மேட்டில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டாவது சத்தம் இப்போதும் சில ராத்திரிகளில் கேட்கிறது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த உஸ்தாத் ஹரியானாக்காரர், அதிகம் பேசமாட்டார். பாரைக் கழற்றி லென்ஸில் காட்டினார். கூராக இருக்க வேண்டிய விளிம்பு உருண்டிருந்தது. திட்டவில்லை. பாரைப் புதிதாக மாற்றச் சொன்னார், என்னை மூன்று மாதம் ஆயுத அறையில் லெட்ஜர் எழுத வைத்தார். லீவில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "நிலைப்படி மூலையை எவனாவது இழைப்பானாடா?" என்பதுதான். சுவரின் முகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழைக்கலாம், மூலை மூலையாகவே நிற்க வேண்டும். பத்து வயதில் பார்த்தது எனக்கு இருபத்தைந்தில்தான் புரிந்தது.

அப்பாவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பூசிய ஒரு வளவு வீட்டில் போன வருடம் கல்யாண போட்டோவுக்கு வாடகை விடுவதற்காகச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும். ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிந்து நிற்கிறது. தூண், கதவு என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்காவது கிடைக்கும். பூச்சை எந்தக் கடையில் போய்த் தேடுவது? சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பாருங்கள். தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். க்ளாக்கைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும், சேம்பரில் ஒன்று இருப்பது தெரியாமல் அழுத்திச் சுவரைச் சுட்டவர்கள் உண்டு. அப்புறம் துடைத்து, ட்ரிகர் பாரின் பின்பக்கம் கனெக்டரைத் தொடும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புதுத் துப்பாக்கியின் சொரசொரப்பில் பாதி இந்தச் சொட்டு இல்லாததால் வருவது. ஸ்ட்ரைக்கர் போகும் குழாய்க்குள் மட்டும் எண்ணெய் கூடாது, அழுக்கைப் பிடித்து வைத்து அடியை மெதுவாக்கிவிடும்.

பிறகு டம்மி தோட்டா போட்டுத் தினம் ராத்திரி ஐம்பது முறை வெறுமனே அழுத்துங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ட்ரிகர் முன்னே வராது. முன் சைட் மேல் ஒரு நாணயத்தை வைத்து, விழாமல் அழுத்த முயலுங்கள். அந்த ஆபீசருக்கு உஸ்தாத் செய்த வைத்தியம் இதுதான். அவர் வலது கைக்காரர், குண்டெல்லாம் கீழே இடது பக்கமாகப் போகும், அது ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பவரின் அடையாளம். இரண்டு மாதத்தில் சரியானது. ட்ரிகர் அதே 2.5 கிலோதான்.

ஸ்ப்ரிங் கேட்டீர்கள். லேசான ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங் போட்டால் இழுப்பு குறையும், கூடவே பிரைமர் மேல், அதாவது தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் சின்ன மூடி மேல், விழும் அடியும் குறையும். கெட்டியான பிரைமர் உள்ள தோட்டா 'டிக்' என்று மட்டும் சொல்லும். போட்டித் துப்பாக்கி என்றால் உங்கள் இஷ்டம், வீட்டுக் காவலுக்கு வைத்திருப்பதில் வேண்டாம். எடைதான் குறைய வேண்டும் என்றால் கம்பெனியே மைனஸ் குறியிட்ட கனெக்டர் தருகிறது, சுமார் 2 கிலோவுக்கு வரும். பிராசோ போடுவதானால் உரசும் பக்கங்களுக்கு மட்டும், அதுவும் பளபளப்பு வரும் வரை மட்டும். அந்தப் பாகங்களுக்கு மேலே மெல்லிய பூச்சு உண்டு, அது போனால் போனதுதான். எமரித் தாள் பக்கம் போகவே வேண்டாம். யூட்யூபில் சுழலும் மெஷின் வைத்துத் தேய்ப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

உங்கள் க்ளாக் எந்தத் தலைமுறை (Gen) மாடல் என்பதைக் கமெண்டில் போடுங்கள். ஐந்தாவது தலைமுறை என்றால் ட்ரிகர் ஸ்ப்ரிங் அமைப்பே வேறு, பழையதற்கு விற்கும் பாகத்தை வாங்கிவிடாதீர்கள்.