பி0171 (P0171) கோடு வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வருகிறது, ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். புகையில் ஆக்ஸிஜனை அளந்து தகவல் சொன்ன சென்சாரையே முதலில் கழற்றிப் போடுவது பெரும்பாலும் வீண் செலவு.

பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்தது. அடுத்து வரும் 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்று அர்த்தம். 0171 சொல்வது இவ்வளவுதான்: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏன் என்று அது சொல்லாது.

அதே ஸ்கேனரில் லைவ் டேட்டாவுக்குப் போய் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் (கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலிங்கில் +25 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் +5-க்கு இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் சிறு ஓட்டை வழியாக வருவதும் பெரிய பங்காகிவிடும். என் வண்டியில் பிசிவி ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்கம் விரிசல். வளைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது!

மாறாக, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க டிரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் ஏறிய அழுக்கு என்ற பக்கம் பாருங்கள்.

சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகள் சேர்ந்து வந்தால் கதை வேறு, மின் இணைப்பில் கோளாறு இருக்கலாம். முதலில் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: இன்ஜின் ஆஃப் ஆக இருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எர்த் வயரின் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள்.

ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு பதிவான நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையின் பதிவு) குறித்துக்கொள்ளாமல் கோடை மட்டும் அழித்துவிடாதீர்கள்.