பணம் கட்டி இன்டர்ன்ஷிப் வாங்கலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கட்டாயம் என்கிறது கல்லூரி. பணம் கொடுத்தால் பெரிய நிறுவனத்தின் பெயரில் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நேரில்கூடப் போக வேண்டாமாம். வாங்கிக்கொள்ளவா?

பதில்: வேண்டாம். அவர் சலுகையாகச் சொல்கிறாரே, நேரில் போக வேண்டாம் என்று, அதுதான் உங்களுக்கு நஷ்டம்.

பட்டறையில் நின்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். வரைபடத்தில் தண்டின் விட்டம் 25 மி.மீ., கூடவோ குறையவோ 0.02 வரை போகலாம். லேத் என்ற கடைசல் மெஷினிலிருந்து எடுத்த கையோடு மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.03 காட்டுகிறது. ரிஜெக்ட் என்று எழுதப் போவீர்கள். பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர், "சூடா இருக்கு தம்பி, ஆறட்டும்" என்பார். ஆறியதும் 25.02, அதாவது பாஸ். சூட்டில் உலோகம் விரியும் என்பது உங்களுக்கும் பாடம்தான். ஆனால் அது சமயத்தில் நினைவுக்கு வருவது மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் நின்றால்தான் பழகும். நேர்முகத்தேர்வில் "அங்கே எது சொதப்பியது?" என்று கேட்டால், நின்றவர் பத்து நிமிடம் பேசுவார். வாங்கியவர் விழிப்பார்.

வகுப்பையும் வேலையையும் மாற்றி மாற்றித் தரும் முறையை ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-லேயே தொடங்கிவிட்டார். இன்றைக்கும் பல கல்லூரிகள் சான்றிதழில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மார்க் போடுகின்றன. மாணவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், ஏஜென்ட்டுகள் கடையை மூடிவிடுவார்கள். யார் கேட்கிறார்கள்?

பணம் கட்டுவதே தப்பா என்றால், ஒரு விலக்கு உண்டு. சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) மாதிரி ஒன்றைக் கற்றுத்தரும் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்டலாம். அது வகுப்பு, இன்டர்ன்ஷிப் அல்ல. அங்கேயும் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், உங்கள் கை அதில் எவ்வளவு நேரம் படும் என்று கேளுங்கள். புரொஜெக்டரில் படம் காட்டிவிட்டு அனுப்பும் மையங்கள் இருக்கின்றன. "சான்றிதழில் இன்டர்ன்ஷிப் என்றே போட்டுத் தருகிறோம்" என்றால் அவர்களும் ஏஜென்ட்தான்.

பெரிய பெயரைத் தேடாதீர்கள். சின்னப் பட்டறையாக இருந்தாலும் கல்லூரிக் கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். யார் மேற்பார்வை, என்ன வேலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மேற்பார்வைக்கு இன்னார் என்று பெயர் சொல்ல முடியாத இடத்தில் ஃபைல் தூக்க வைப்பார்கள். அப்புறம், பாதியில் நின்றால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் மார்க் ஷீட்டை யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.