தாடை உடைத்தவருக்கு எட்டு ஆட்டம் போதுமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் என் மகனுடன் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். பந்து எங்கோ இருக்க, ஒருவர் எதிரணிக்காரரை முகத்தில் குத்தினார். அதன் பிறகும் ஆடிக்கொண்டிருந்தார். இதற்குச் சில வாரத் தடை மட்டும்தான் என்கிறான் மகன். நம் பக்கமாக இருந்தால் போலீஸ் வந்திருக்காதா?
— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஆசிரியர் ஐயா, மகன் சொன்னது சரிதான். அது நாம் அறிந்த கால்பந்து அன்று, கையாலும் பந்தை ஆடும் தனி விளையாட்டு. அதன் முதன்மைத் தொடரான ஏ.எஃப்.எல்.லில், ஆட்டத்தின் நடுவே ஒருவரை வெளியேற்றும் சிவப்பு அட்டை கிடையாது. நடுவர் புகார் எழுதலாம். ஆட்டம் முடிந்த பின் ஒளிப்பதிவைப் பார்க்கும் அதிகாரி, வேண்டுமென்றே செய்ததா கவனக்குறைவா, அடி எவ்வளவு கடுமையானது, பட்டது தலையிலா உடம்பிலா என்று எடைபோட்டுத் தண்டனையைக் கணக்கிடுவார். கடுமையான வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

2018 ஆகஸ்டில் வெஸ்ட் கோஸ்ட் அணியின் ஆண்ட்ரூ காஃப், ஃப்ரீமாண்டில் அணியின் 18 வயது ஆண்ட்ரூ பிரேஷாவைக் குத்தியதில் தாடை உடைந்தது. தீர்ப்பாயம் எட்டு ஆட்டத் தடை விதித்தது. அவருடைய அணி கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. தண்டனை சிறியதன்று. ஆனால், அடிபட்டவர் வெளியேறிய அன்று அடித்தவரின் அணி அதே ஆட்டத்தில் வென்றது என்பதை எண்ணும்போது, அந்தத் தடையின் பயன் ஃப்ரீமாண்டிலுக்குக் கிடைக்கவில்லை, பின்னர் வெஸ்ட் கோஸ்ட்டை எதிர்த்து ஆடிய அணிகளுக்கே கிடைத்தது என்று தோன்றுகிறது. என் குறை இதுதான். நம் கோயில் கொடை நாட்களில் விளக்கொளியில் நடக்கும் கபடியை நீங்கள் பார்க்காதவர் அல்லர். அந்த விளையாட்டின் விதிப்புத்தகத்திலேயே மஞ்சள் அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு அட்டைக்கு ஆட்டம் முழுவதும் வெளியே என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் வெளியேற்றும் வழக்கம் உண்டு, மேல்மட்டத்தில்தான் இல்லை.

வேறொரு வகையில் அவர்கள் கண்டிப்பானவர்கள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம், தடை பெற்றவருக்குக் கிடைக்காது. 1997இல் அதிக வாக்குகள் பெற்ற கிறிஸ் கிராண்ட், ஒரே ஓர் ஆட்டத் தடையால் அதை இழந்தார்.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். 1985இல் ஹாத்தோர்ன் அணியின் லீ மேத்யூஸ், ஜீலாங்கின் நெவில் பிரன்ஸை பந்துக்கு அப்பால் தாக்கித் தாடையை உடைத்தார். நடுவர்கள் கவனிக்கவில்லை. தொடர் நிர்வாகம் மேத்யூஸின் ஆட்டக்காரர் பதிவை நான்கு வாரம் ரத்து செய்தது. காவல்துறை வழக்குத் தொடர, நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து 1,000 டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நீங்கியது. ஆக, அங்கும் போலீஸ் வந்ததுண்டு, அரிதாக.

நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இதற்கு வாள்வீச்சையே எடுத்துக்காட்டாகச் சொல்லியது: விளையாட இசைந்தவர், கள்ளாட்டம் இல்லாமல் நேரும் காயத்துக்கு மட்டுமே இசைந்தவர் ஆவார். எலும்பு முறிவோ அந்தச் சட்டத்தில் கொடுங்காயம். பந்தைத் துரத்தும் மோதலில் தோள் இறங்கினால் அது ஆட்டம். பந்தில்லாத இடத்தில் விழுந்த குத்துக்கு எதிரணிக்காரர் எப்போது இசைந்தார் என்று காவல் நிலையத்தில் கேட்டால், பதில் சொல்வது கடினம்.